துப்பாக்கிக்குள் ஒரு நாய்!

துப்பாக்கிக்குள் நாய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் பழைய வேட்டைத் துப்பாக்கியில் நாய் மட்டுமல்ல; ஒரு வால்நட் கொட்டை, ஒரு குட்டிப் பாலம், ஒரு சாவி, ஒரு படுக்கையறை, போதாக்குறைக்கு ஒரு முட்புதர், இவ்வளவும் இருக்கின்றன. "இது துப்பாக்கியா, ஜமீன் பங்களாவா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் கேட்டேன்.

நாய் என்பது வேறொன்றுமில்லை. விசையை இழுத்ததும் 'டக்'கென்று முன்னால் பாய்ந்து அடிக்கிறதே, அந்தச் சின்ன இரும்புத் துண்டுதான். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் அது வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும். பாய்ந்து எஃகில் மோதினால் பொறி பறக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். கவ்விப் பாய்வதைப் பார்த்த பிரெஞ்சுக்காரன் அதை 'ஷ்யேன்', அதாவது நாய் என்றான். இங்கிலீஷ்காரன் கண்ணுக்கு அதுவே கொத்தவரும் சேவலாகப் பட்டது. பிற்பாடு கல் போய் வெறும் அடி மட்டும் மிஞ்சியபோது 'சுத்தியல்' என்று பெயரை மாற்றிக்கொண்டான். நாம் மட்டும் இளைத்தவர்களா? துப்பாக்கியின் அதே உறுப்புக்குத் தமிழ் அகராதியில் 'குதிரை' என்று பெயர்! வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்பதும் குதிரைதான் என்பதை வீணை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஒரே இரும்புத் துண்டு பாரிஸில் நாயாகவும், லண்டனில் சேவலாகவும், தஞ்சாவூரில் குதிரையாகவும் இருக்கிறது.

பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து சமையல் குறிப்பையும் நாடக விமரிசனத்தையும் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாம் கல்லூரியில் எடுத்த பிரெஞ்சு செய்த வேலை. மார்க் நிறைய வரும் என்று யாரோ சொல்லி எடுத்துக்கொண்ட பாஷை அது. போகப் போக அதன் மேல் நிஜமாகவே ஒரு பிரியம் விழுந்துவிட்டது. இந்தச் சமாசாரம் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்தில் கிராமப்புறத்தில் டாக்டராக இருக்கும் என் பெரியம்மா பிள்ளை ஒருநாள் போன் செய்தார்.

"உனக்குத்தான் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடாச்சே! நாலு காகிதம் அனுப்புகிறேன். இங்கிலீஷில் எழுதித் தா, அம்மா."

"என்ன காகிதம் அண்ணா? ஆஸ்பத்திரி விஷயமா?"

"இல்லை, துப்பாக்கி விஷயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விவரம் சொன்னார். அடுத்த வீட்டில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மாள். அவருடைய காலஞ்சென்ற கணவர் பிரான்சில் எப்போதோ வாங்கி வந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று, லைசென்ஸோடு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கூடவே வாங்கிய ரசீதும், ஒரு பழைய விலைப் பட்டியலிலிருந்து கிழித்த சில பக்கங்களும். இப்போது பேரப் பிள்ளைக்கு அதை எடுத்துச் சுட்டுப் பார்க்க ஆசை. பறவையை அல்ல, களிமண் தட்டை ஆகாயத்தில் வீசி அதைச் சுடுகிற விளையாட்டு. எந்தத் தோட்டா போடலாம் என்று அந்தக் காகிதங்களில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பேரன் சும்மா இருக்கவில்லை. செல்போனைக் காகிதத்தின் மேல் பிடித்து, அதன் வாயால் ஒரு மொழிபெயர்ப்பு வாங்கி வைத்திருந்தான். அதையும் அண்ணா அனுப்பியிருந்தார். அதன் அழகைத் தமிழில் தருகிறேன்: "இரண்டு பீரங்கிகள் கொண்ட ரைபிள். துள்ளிக் குதிக்கும் நாய்கள். நாய்களுக்கு நடுவே சாவி. பிளாட்டினம் பின்னால் உள்ளது. வால்நட் முட்புதரில் ஆங்கில ஹாக்கி மட்டை. அறை எண் 65. கறுப்புத் தூளால் சோதித்துப் பார்த்தது."

ஆபீஸில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இதில் எந்த வரி சிரிக்கக்கூடாத வரி என்பது அப்புறந்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'ரைபிள்'. பிரெஞ்சில் 'ஃப்யூஸி' என்று இருக்கிறது. அகராதியைப் பிரித்தால் ரைபிள் என்றுதான் முதலில் போட்டிருக்கும். பட்டாளத்துக்காரனிடம் அது ரைபிள்தான்; வேட்டைக்காரனிடம் அது ரைபிள் அல்ல. ரைபிளின் குழலுக்குள் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருக்கும்; அதில் ஒரே ஒரு குண்டு சுழன்றுகொண்டு போகும். வேட்டைத் துப்பாக்கியின் குழலோ உள்ளே மழமழவென்று இருக்கும். கடுகும் மிளகும் போன்ற ஈயச் சில்லுகள் ஒரு பிடி சிதறிப் போகும். ரைபிளுக்கு உள்ள தோட்டா வேறு, இதற்கு உள்ள தோட்டா வேறு. ஒரே சொல், ஆனால் சொல்கிற ஆள் யார் என்று பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும். இந்த 'ஃப்யூஸி'யின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தேன். லத்தீனில் 'ஃபோகஸ்' என்றால் அடுப்பு! அதிலிருந்து நெருப்புத் தட்டும் எஃகுக்குப் பெயர் வந்து, அதிலிருந்து துப்பாக்கிக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சுக் கசாப்புக் கடைக்காரர் கத்தி தீட்டும் எஃகுக் கோலுக்கும் இன்றைக்கும் இதே பெயர்தான். நம் அடுப்படியிலிருந்து புறப்பட்ட ஆயுதம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

'பீரங்கி' என்று வந்தது 'கனோன்'. அது வெறும் குழல். 'பிளாட்டினம்' என்பது 'ப்ளாத்தின்'. நாயும், அதைத் தள்ளும் வில்லும், பிடித்து நிறுத்தும் கொக்கியும் சேர்ந்து உட்காரும் தகட்டுக்கு அந்தப் பெயர். பிளாட்டினத்துக்கும் பிரெஞ்சில் அதே சொல் என்பதால் செல்போன் பாவம் தங்கத்தை விட்டுவிட்டுப் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கிலீஷில் அந்த உறுப்பைப் பூட்டு என்கிறார்கள். 'லாக், ஸ்டாக், பாரல்' என்று இங்கிலீஷில் ஒரு வசனம் உண்டே, சர்வமும் என்ற பொருளில்? பூட்டு, கட்டை, குழல் என்று துப்பாக்கியின் மூன்று பாகங்களைத்தான் அதில் அடுக்கியிருக்கிறார்கள்.

பூட்டுக்குள் போனால்தான் வேடிக்கை. நாயோடு சேர்ந்து சுழலும் ஒரு துண்டுக்கு 'நுவா', அதாவது வால்நட் கொட்டை என்று பெயர். துப்பாக்கியின் கட்டையோ வால்நட் மரத்தில் செய்தது! ஒரே பக்கத்தில் மேல் வரியில் மரம், கீழ் வரியில் கொட்டை. மரத்தை மரமென்றே எழுதலாம். கொட்டையை அப்படி எழுதினால் தீர்ந்தது. இங்கிலீஷ் துப்பாக்கிக்காரர்கள் அந்தத் துண்டை என்னவென்று சொல்கிறார்கள் தெரியுமா? 'டம்ளர்'! பிரெஞ்சுக்காரன் கொட்டையை, இங்கிலீஷ்காரனுக்குக் கொடுக்கும்போது டம்ளராக மாற்றிக் கொடுக்க வேண்டும். இது எந்த அகராதியைப் பார்த்தால் கிடைக்கும்?

நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபமானது. அகராதியை மூடி வைத்துவிட்டு, துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பிப் போட்ட பிரெஞ்சுப் படம் ஒன்றையும், அதே மாதிரி இங்கிலீஷ் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு துண்டாகப் பொருத்தினேன். பெயர் வேறானாலும் உருவம் ஏமாற்றாது. இப்படிப் படம் போட்டுப் பெயர் எழுதும் பழக்கம் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. தீதெரோ என்ற அறிஞர் 1751-லிருந்து வெளியிட்ட மாபெரும் கலைக்களஞ்சியத்தில் துப்பாக்கி செய்கிறவனின் பட்டறையும் கருவிகளும் செம்புத் தகட்டுச் சித்திரங்களாக இருக்கின்றன.

விசை விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுகிறார்கள். விரல் இழுக்கும் விசைக்குச் சரியான பெயர் 'தேத்தாந்த்'. இறுக்கம் தளர்வது என்று அர்த்தம். 1970-களில் அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் பகையைத் தளர்த்திக்கொண்டபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் உபயோகித்தார்களே, அந்தச் சொல்லேதான்! சமாதானத்துக்கும் துப்பாக்கி விசைக்கும் ஒரே பெயர். ஆனால் பிரெஞ்சுத் துப்பறியும் நாவலில் எந்தக் கொலைகாரனும் 'தேத்தாந்'தை இழுப்பதில்லை, 'காஷெத்'தை இழுக்கிறான். பேச்சு வழக்கில் அப்படி ஆகிவிட்டது. துப்பாக்கி செய்கிறவனுக்கோ 'காஷெத்' என்பது பூட்டுக்குள்ளே, விரல் படாத இடத்தில், நாயைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி. நாவலில் வந்தால் விசை என்று எழுது, ரசீதில் வந்தால் கொக்கி என்று எழுது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. 'கொக்கி தேய்ந்திருக்கிறது' என்றால் துப்பாக்கி தானாக வெடிக்கும் அபாயம். 'விசை தேய்ந்திருக்கிறது' என்றால் விரலுக்கு வழுக்கும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு தேசத்துத் துப்பாக்கிகளும் மாமன் மச்சான் மாதிரி. குழலை மடக்கிப் பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கியை 1830-களில் பாரிஸில் செய்து காட்டியவர் கசிமிர் லெஃபோஷே என்பவர். 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு அது வந்தது. இங்கிலீஷ்காரர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாங்களும் செய்ய ஆரம்பித்தார்கள். குழல் மடங்கும் அந்த நடு உறுப்புக்குப் பிரெஞ்சில் 'பாஸ்க்யூல்' என்று பெயர். ஏற்றமும் இறக்கமுமாக ஆடும் பலகை என்று அர்த்தம். 1894-ல் திறந்த லண்டன் டவர் பாலம் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்கிறதே, அதற்கு இங்கிலீஷில் 'பாஸ்க்யூல் பாலம்' என்றே பெயர். பாலத்துக்குக் கடன் வாங்கியவர்கள் துப்பாக்கிக்கு வாங்காமல் 'ஆக்ஷன்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். கடனைத் திருப்பியும் கொடுத்தார்கள். 1875-ல் பர்மிங்ஹாமில் ஆன்ஸன், டீலி என்ற இருவர், நாயை வெளியே தெரியாமல் உள்ளே ஒளித்துவைத்த துப்பாக்கிக்கு உரிமை பதிந்தார்கள். அது பிரான்சுக்குப் போனபோது, 'நாயில்லாத துப்பாக்கி' என்று ஒரு பெயர் வைக்கக் கூடாதோ? இல்லை! 'ஹாமர்லெஸ்' என்ற இங்கிலீஷ் சொல்லையே, தலையெழுத்தான 'ஹ'வை விழுங்கிவிட்டு, அப்படியே வைத்துக்கொண்டார்கள். நாய் வெளியே இருந்தால் பிரெஞ்சு. உள்ளே போனால் இங்கிலீஷ்!

நம் கதாநாயகனான ரசீது வந்த ஊர் செந்த்-எத்தியேன். ஆயுதத்துக்கே பிறந்த ஊர். 1764-லேயே அங்கே ராஜாங்க ஆயுதச் சாலை ஏற்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊரின் பெயரையே சில காலம் 'ஆயுதபுரி' என்ற அர்த்தத்தில் மாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் அதே ஊருக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு, நம் வாசகிகளுக்குப் பிடித்தது: ரிப்பன்! பட்டு ரிப்பன் நெய்து ஊர் ஊராக அனுப்பியவர்கள் அவர்கள். ஒரு தெருவில் தறி, அடுத்த தெருவில் பட்டறை. அங்குள்ள மியூசியத்தில் இன்றைக்கும் ரிப்பனும், துப்பாக்கியும், சைக்கிளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தக் காலத்து நல்ல குழல்களுக்கும் 'ரிப்பன் குழல்' என்று ஒரு பெயர் உண்டு. இரும்பும் எஃகுமாக நீண்ட பட்டைகளை முறுக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி ஜடையில் ரிப்பன் சுற்றுவதுபோல் சுற்றி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். மேலே அமிலம் பூசினால் அலையலையாக, பூப்பூவாகக் கோலம் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஓர் ஒட்டு என்பதை மறக்கக்கூடாது.

அந்த ஊரில் 1885-ல் ஆரம்பித்த ஒரு பெரிய கம்பெனி தபாலிலேயே துப்பாக்கி, சைக்கிள், தையல் மிஷின் எல்லாம் விற்றது. அதே வருஷம் 'பிரெஞ்சு வேட்டைக்காரன்' என்று ஒரு பத்திரிகையும் தொடங்கியது. வேட்டையை விட அதில் பிரசித்தம் எது என்கிறீர்கள்? கல்யாண விளம்பரங்கள்! கம்பெனி 1980-களில் மூடிப் போயிற்று.

இனி அந்தச் சிரிக்கக்கூடாத வரி.

'அறை எண் 65' என்று செல்போன் சொன்னது ஹோட்டல் அறை அல்ல. குழலின் பின்பகுதியில் தோட்டா படுக்கும் இடத்துக்குப் பிரெஞ்சில் 'ஷாம்ப்ர்', படுக்கையறை என்று பெயர். இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட அதே. 65 என்பது அதன் நீளம், மில்லிமீட்டரில். இன்றைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். "எழுபது எப்படி அறுபத்தைந்தில் நுழையும்? நுழையாவிட்டால் திரும்பக் கொடுத்துவிடலாமே!" என்றுதான் எனக்கும் தோன்றியது. அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான்: தாராளமாக நுழையும்! கடலைப் பொட்டலத்தின் வாயை மடித்து மூடுகிறார்களே, அந்த மாதிரிதான் தோட்டாவின் வாயும் மடித்திருக்கும். எழுபது என்பது சுட்டபின் மடிப்பு விரிந்த நீளம். மடித்த நிலையில் அது சமர்த்தாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல், புனல்போல் குறுகும் வாயில் போய் அடைக்கும். சில்லுகள் அந்த இடுக்கில் பிதுங்கும்போது அழுத்தம் எகிறும். புதிய எஃகுக் குழல் ஒருவேளை தாங்கலாம். ஜடை பின்னிய பழைய குழல்?

அதற்கு அடுத்தது 'கறுப்புத் தூளால் சோதித்துப் பார்த்தது'. பேரன் இதை ஒரு நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டிருக்கிறான். சோதித்துப் பார்த்த துப்பாக்கி என்றால் நல்ல துப்பாக்கிதானே! பிரெஞ்சில் 'எப்ரூவே' என்ற அந்தச் சொல்லுக்குச் சோதனை, பரீட்சை, துன்பம் எல்லாம் அர்த்தம் உண்டு. அச்சுக்கூடத்தில் நாங்கள் திருத்துகிறோமே புரூஃப், அதற்கும் அதே குடும்பத்துச் சொல்தான். விநோதம் பாருங்கள், இங்கிலீஷில் துப்பாக்கிச் சோதனைக்கும் 'புரூஃப்' என்றுதான் பெயர். புதுக் குழலில் அளவுக்கு மீறி மருந்து இட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். எந்த மருந்தால் சோதித்தார்களோ அந்த மருந்துக்குத்தான் அந்த முத்திரை செல்லும். கறுப்பு மருந்து பழைய காலத்துப் புகை மருந்து. 1884-ல் பால் வியேல் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்த பிறகு சங்கதியே மாறிவிட்டது. அதற்கு வேறு சோதனை, வேறு முத்திரை வந்தன. பிரெஞ்சுக் குழலில் கிரீடத்தின் கீழே 'பி.டி.' என்று எழுத்து இருந்தால் அது புகையில்லா மருந்துக்குத் தேறியது.

ஆகவே, அந்த வரியை இங்கிலீஷில் எழுதும்போது 'கறுப்பு மருந்துக்கு மட்டும்' என்று எழுத வேண்டும். ஆனால் ரசீதில் 'மட்டும்' இல்லை! அந்தக் காலத்தில் விற்றவனுக்கும் வாங்கினவனுக்கும் அது சொல்லாமலே தெரியும். மூலத்தில் இல்லாத சொல்லை நாம் சேர்க்கலாமா? என் பேராசிரியர் கேட்டால் பேனாவைப் பிடுங்கியிருப்பார். நான் சேர்த்தேன். நாயையும் முட்புதரையும் தப்பாகப் போட்டிருந்தால் யாரும் சிரித்துவிட்டு, சரியானது எது என்று விசாரிப்பார்கள். 'சோதித்துப் பார்த்தது' என்பதோ சிரிப்பும் மூட்டாது, சந்தேகமும் எழுப்பாது. வழவழவென்று கடந்து போய்விடும். பையன் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, இடது கையால் குழலுக்கு அடியில் பிடிக்கிறான். குழல் பிளந்தால் போவது அந்தக் கை. என் பேராசிரியரிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அண்ணாவிடம் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஊர் முத்திரை இருந்தது. கிரீடம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் 'பி.டி.' இல்லை. "பேரப் பிள்ளை கை வைக்க வேண்டாம்; முதலில் துப்பாக்கி மேஸ்திரி பார்க்கட்டும்" என்று மொழிபெயர்ப்பின் தலையிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். மேஸ்திரி அளந்து பார்த்தார். படுக்கையறை அறுபத்தைந்துதான். குழலுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்ததில், துரு தின்ற குழிகள் வேறு. பேரனுக்கு முகம் சுருங்கிப் போயிற்றாம். பாட்டியம்மாள் மட்டும், "என் கணவர் அதை ஒருநாளும் சுட்டதில்லை, துடைத்துக்கொண்டுதான் இருப்பார்" என்றாராம். துப்பாக்கி மறுபடி அலமாரிக்குள் போய்விட்டது.

அம்மாளுக்கு அப்புறம் ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. அந்த முட்புதர்! கட்டையில் முள் எங்கே என்று தடவித் தடவிப் பார்த்தாராம். பிரெஞ்சில் 'ரோன்ஸ்' என்றால் முட்செடிதான். மரத்தின் ரேகைகள் கொடிபோல் சுருண்டு பின்னியிருந்தால் அந்த மரத்துக்கும் அதே பெயர். கட்டையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

விலைப் பட்டியல் பக்கங்களில் இன்னும் ஒரு வரி பாக்கி. வேறொரு துப்பாக்கியின் படத்துக்குக் கீழே 'ப்ரெத்தேல் ஓத்தோமாத்திக்' என்று போட்டிருந்தது. செல்போன் அதைக் 'கால்சட்டைக்குத் தானியங்கித் தோள்வார்' என்று சொல்லிவிட்டது. உண்மையில், கட்டைக்குள்ளேயே ஒரு தோல்வார் சுருண்டு கிடக்கும். இழுத்தால் வெளியே வரும், விட்டால் உள்ளே ஓடிவிடும். நாள் முழுதும் வயலிலும் மேட்டிலும் நடக்கும் பிரெஞ்சுக் குடியானவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதற்கு. இதற்கு இங்கிலீஷ் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இங்கிலீஷ் கனவான் துப்பாக்கியை மடக்கிக் கையிடுக்கில் வைத்துக்கொள்வான். பெரிய பிரபுவானால் கூட வருகிற வேலையாள் தூக்கிக்கொள்வான். வாருக்கு அங்கே வேலையே இல்லை. மூன்று வரியில் விளக்கம் எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டு அனுப்பிவைத்தேன்.